கழிவுத் துணி சும்மா வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கழிவுத் துணியில் வீட்டுச் சாமான் செய்து விற்பதைப் பற்றி 'முதலீடே இல்லாத தொழில்' என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். உங்கள் பேப்பர், பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கும். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்தப் பக்கத்தைக் கையில் மடித்துக்கொண்டு மூன்று பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி பக்கத்துத் தெருப் பெண். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரளத்து மகளிர் சுய உதவிக் குழு) கடன் எடுத்து 500 கிலோ பனியன் வேஸ்ட் இறக்கிவிடட்டுமா அண்ணா என்று கேட்டாள். வாசலில் நின்றபடி அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுப்படுவதைப் பார்த்து வருத்தப்படுகிற ஆள் இல்லை நான்.

ஏனென்றால் திருப்பூரில் 22 வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். இடுப்பு எலும்பு தேய்ந்து, மேசையருகே நிற்க முடியாமல் ஊர் திரும்பி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது நானும் வீட்டுக்காரியும், தெருவில் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து கால்மிதி, கரித்துணி, கூடை, தரையில் போட்டு உட்காரும் திண்டு எல்லாம் செய்து விற்கிறோம். அதாவது 22 வருஷம் நான் வெட்டிக் கீழே தள்ளியதை இன்றைக்குக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறேன். என் பழைய கூட்டாளிகளுக்கு இதைச் சொன்னால் அப்படி ஒரு சிரிப்பு.

யாருக்கும் வேண்டாம் என்று தெருவில் கிடப்பது, போய் அள்ளிக்கொண்டு வரலாம் என்று கட்டுரை எழுதியவர் நினைத்திருக்கிறார். திருப்பூரில் அப்படி ஒரு துண்டுகூடக் கிடையாது. மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடுவோம். மேலே, வெட்ட வேண்டிய கோடு வரைந்த மார்க்கர் பேப்பர். மெஷின் கத்தி அந்தக் கோட்டில் போகப் போக முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் கட்டுக்கட்டாகப் பிரிந்து வரும். இடையில் விழுவதுதான் வேஸ்ட். கழுத்து வளைவில் பிறை மாதிரி ஒன்று விழும். கைக்குழிப் பக்கம் முக்கோணம். லே முடிகிற இடத்தில் நீளப் பட்டை. சட்டையின் எந்த இடத்தில் இருந்து விழுந்த துண்டு என்று இன்றைக்கும் கண்ணை மூடித் தொட்டுச் சொல்லிவிடுவேன். மார்க்கர் நெருக்கிப் போட்டால் 100 கிலோ துணியில் 10 கிலோ போகும், அவசர ஆர்டரில் 15 கிலோகூடப் போகும். இது என் மேசைக் கணக்கு.

கீழே விழுந்த நிமிஷமே அதற்கு விலை உண்டு. வெள்ளைக்குத்தான் முதல் மரியாதை. அதை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்காரர்கள் வாங்கி, பிரித்துப் பஞ்சாக்கி, திரும்ப நூலாக்குவார்கள். ஒரே கலராகச் சேர்ந்ததும் அங்கேதான் போகும். நீலப் பஞ்சில் நீல நூலே வந்துவிடும், சாயச் செலவு மிச்சம். பெரிய பிட்டுகளை வாங்கிக் குழந்தைகளுக்கு ஜட்டி தைப்பவர்கள் தனி. மெஷின் ஆயில் துடைக்க ஒர்க்ஷாப்புகளுக்கு ஒரு பங்கு. இத்தனை பேர் எடுத்த பிறகு குடோன் மூலையில் மிஞ்சுவதற்கு 'மிக்ஸ்' என்று பெயர். எங்கள் கைக்கு வருவது அதுதான். பத்து கலரும் கலந்து, காட்டன், பாலியஸ்டர், லைக்ரா எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கும். நடுவில் பேப்பர் கப்பும் செல்லோடேப்பும் இருக்கும். ஒருமுறை, யாரோ பாதி சாப்பிட்டு வைத்த பொங்கல் பொட்டலம் இலையோடு வந்தது.

அந்த மூட்டையைப் பிரிப்பதுதான் தொழில். தையல் எல்லாம் அதற்கு அப்புறம்.

திண்ணையில் சாக்கு விரித்து மூட்டையைக் கொட்டினால், வீட்டுக்காரி ஒவ்வொரு துண்டாக எடுத்து இழுத்துப் பார்ப்பாள். ரப்பர் மாதிரி நீண்டு பட்டென்று சுருங்கினால் லைக்ரா. அது ஒரு பக்கம். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். காட்டன் பேப்பர் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி உருளும். ஆறினால் குண்டூசித் தலை போலக் கெட்டி. இரண்டும் கலந்த துணி இரண்டு வேலையும் காட்டும், அதுதான் ஏமாற்றும். இப்படிப் பார்த்தால் 10 கிலோ மூட்டையில் 6 கிலோ தேறும். மிச்சம் உள்ளங்கையைவிடச் சின்னதாக, ஆயில் பட்டதாக, லைக்ராவாக இருக்கும். அதில் பாதியைத் திண்டுக்குள் அடைக்கிறோம். மீதியை, வீடு வீடாகக் கழிவு எடுக்க வரும் எங்கள் ஊர் ஹரிதகர்மசேனைப் பெண்களிடம் கொடுத்து அதற்கும் பணம் கட்டுகிறோம். கழிவைக் காசு கொடுத்து வாங்கி, அந்தக் கழிவின் கழிவுக்கும் காசு கொடுக்கிற ஆள் நான். 'முதலீடே இல்லாத தொழில்' என்று படித்தபோது வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்தத் தீக்குச்சிப் பரீட்சையை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. முதல் வருஷம் கரித்துணி என்று நாலு மடிப்பு வைத்துத் தைத்து, சதுரமாக அழகாக ஐம்பது போட்டோம். தெரிந்தவர் ஒருத்தர் வீட்டில் அதைப் பிடித்துக்கொண்டு காய்ந்த தோசைக்கல்லை இறக்கியிருக்கிறார்கள். பாலியஸ்டர் 250 டிகிரிக்கு மேல் போனால் உருகிவிடும். துணி கல்லில் ஒட்டி, இரண்டு விரல் வெந்துபோனது. மருந்துச் செலவைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த 38 கரித்துணியையும் பிரித்துப் போட்டேன். அந்தக் கல்லில் ஒட்டிய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிதாகத் தொழில் கேட்டு வருகிறவர்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன். இப்போது கரித்துணிக்குப் பனியன் துணியே எடுப்பதில்லை. பழைய நூல் சேலை, நூல் வேட்டி மட்டும்தான். என் அமிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கிழிந்த சேலைகளை நாலைந்து அடுக்காக வைத்து ஓட்டத் தையல் போட்டுப் போர்வை செய்வாள். அவளுக்குத் தீக்குச்சி தேவைப்படவில்லை, அன்றைக்கு அவளிடம் இருந்த எல்லாமே நூல்துணிதான்.

இரண்டாவது பாடம் சிவப்பு. ஒரு மழைக்காலத்தில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர் குளியலறைக்குக் கால்மிதி வாங்கினார். அதில் சிவப்பு ரிப் துணி (கழுத்துப் பட்டைக்குப் போடும் வரிவரியான பின்னல்) கலந்திருந்தது. ஈரமான கால்மிதியை அவர் மடித்து வைத்த இடத்துக்குக் கீழே கசவு வேட்டி. அப்புறம் என்ன, வேட்டிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து அடர்ந்த கலர் எல்லாம் ஒரு ராத்திரி வாளியில் ஊறி, காலையில் வெள்ளைத் துண்டில் வைத்து முறுக்கிப் பிழியப்பட்ட பிறகுதான் மெஷினுக்கு வரும். வெள்ளையில் கறை இறங்கினால் திண்டுக்குள் போய்விடும். எங்கள் கிழக்குப் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் உள்ள பூமி. அந்த வாளித் தண்ணீரும் கணக்குதான். அதைச் செடிக்கும் ஊற்ற முடியாது.

இனி, வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று. அது நம் மூளையில் இல்லை, துணியின் குணத்தில் இருக்கிறது. பனியனுக்குப் போடும் மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியை ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஓரம் இரண்டும் தானாக உள்ளே சுருண்டு, கண்ணெதிரே பட்டை கயிறாக மாறிவிடும். பிசிறு வெளியே தெரியாது. அந்தக் கயிற்றை மூன்று மூன்றாகப் பின்னி, பாம்பு சுருள்வது போலச் சுற்றித் தைத்தால் கால்மிதி. மேலே எழுப்பிக்கொண்டு போனால் கூடை. இரட்டைப் பின்னலான இன்டர்லாக் துணி என்ன இழுத்தாலும் சுருளாது, தட்டையாகவே கிடக்கும். அது திண்டு உறைக்கு. ரிப் துணி ஓரம் கட்ட. இதை மாற்றிச் செய்தால் மூன்றாவது அலசலில் பல்லை இளிக்கும்.

கலரிலும் நம் இஷ்டம் கிடையாது. அந்த மாதம் வெளிநாட்டுக்காரன் என்ன கலர் ஆர்டர் கொடுத்தானோ அதுதான் எங்கள் மூட்டையில் வரும். ஒரு வீட்டில் நாலு கால்மிதி ஒரே மாதிரி கேட்பார்கள். முடியாது. ரொம்ப நாள் இதில் தவித்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தது வீட்டுக்காரிதான். எந்த ஆர்டரிலும் கறுப்பும் நேவி நீலமும் தவறாமல் இருக்கும். ஓரத்து மூன்று சுற்று எப்போதும் கறுப்பு, நடுவில் வருவது வரட்டும் என்றாள். அதன் பிறகு பத்து கால்மிதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருக்கின்றன. படித்த டிசைனர் யாராவது இதைவிட நல்ல யோசனை சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.

தடிமன் இன்னொரு விஷயம். பொள்ளாச்சிப் பக்கம் கால்மிதி தடிமனாக இருந்தால்தான் கையில் எடுப்பார்கள். பாலக்காடு, திருச்சூர்ப் பக்கம் அதே சரக்கு ஜூன் மாதம் நனைந்தால் மூன்று நாளைக்குக் காயாது, வீடு முழுக்க நாற்றம் அடிக்கும். அவர்களுக்கு ஆணி அடித்த சட்டத்தில் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, காற்றுப் போகிற மாதிரி மெல்லிசாகச் செய்கிறோம். அங்கே இதைச் சவிட்டி என்பார்கள். பெயர் மாறும் இடத்தில் தடிமனும் மாறுகிறது.

சரி, காசுக்கு வருகிறேன். பின்னல் கால்மிதி ஒன்று, இரண்டடிக்கு ஒன்றரை அடி, முக்கால் கிலோ எடை. மிக்ஸ் வேஸ்ட் கிலோ 28 ரூபாய்க்கு வாங்குகிறேன். முக்கால் கிலோ தேற ஒன்றேகால் கிலோ வாங்க வேண்டும், 35 ரூபாய். பிரித்து, அலசி, பட்டை வெட்டப் போகும் நேரத்தைப் பங்கு பிரித்தால் ஒரு மணி நேரம். பின்னித் தைக்க இரண்டு மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டால் 150. நூலும் கரண்டும் 6, வண்டி வாடகை 9. மொத்தம் 200 ரூபாய். நான் விற்பது 240-க்கு. 'வேஸ்ட் துணிதானே, இதுக்கா இந்த விலை' என்று கேட்காத வாடிக்கையாளர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்கு மூன்று என்று பாலியஸ்டர் மிதியடி குவித்துப் போட்டிருக்கிறார்கள், அதோடு ஒப்பிடுவார்கள். நான் எதிர்வாதம் செய்வதில்லை. ஈரக் காலோடு வந்து இரண்டின் மேலும் ஒரு தடவை நில்லுங்கள் என்பேன். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, காலுக்கடியில் ஒதுக்கித் தள்ளும், அவ்வளவுதான். மணிக்கு 50 ரூபாயை நான் குறைத்தால் விலை குறையும், நிஜம். அந்த ஐம்பது என் வீட்டுக்காரியுடையது, தெருவில் இரண்டு பெண்களுடையது. 'முதலீடு இல்லை' என்று அச்சில் வரும்போது காணாமல் போவது அதுதான்.

இன்னொன்றும் அந்த விலையில் எழுதப்படாமல் இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் மேசையில் இருந்தேன். கழிவு நீரை வெளியே விடாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றார்கள். பல வாரம் எங்கள் மேசைக்குக் கலர்த் துணியே வரவில்லை. அப்போதுதான் நொய்யல் ஓரமாக ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் ஒருநாள் போய் வந்தேன். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கிப்போன கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். இதைச் சொல்வதற்குக் காரணம், என் மூட்டையில் இருக்கும் ஒவ்வொரு கலர்த் துண்டும் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டது. குடித்ததை இனி ஆறு திரும்ப வாங்காது. இன்னொரு புதுத் துணிக்குச் சாயம் போடுவதற்குப் பதில் இதையே பின்னிவிட்டால் அந்த ஒரு கால்மிதி அளவுக்கு லாபம். அதற்கு மேல் பெரிய வார்த்தை எதுவும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எல்லையில் இருப்பதால் வரும் தொல்லை ஒன்று உண்டு, கட்டுரைக்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பொள்ளாச்சி எங்களுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சந்தைக்குப் போகிற மாதிரித்தான் போய் வருவோம். ஆனால் சட்டப்படி அது வேறு மாநிலம். எல்லை தாண்டிச் சரக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு வருஷம் 20 லட்சம் வரை விலக்கு உண்டு. ஆனால் அதற்குப் பெரும்பாலும் கையால் செய்திருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் வேலைப்பாடும் இருக்க வேண்டும். என் கால்மிதி கையால் பின்னி மெஷினில் தைப்பது. இது கைவினையா இல்லையா? கணக்கு எழுதுகிற இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் ஆமாம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார், இரண்டு பேருக்கும் ஃபீஸ் கொடுத்தேன். இதில் வேடிக்கை, பொள்ளாச்சியில் 'கேரளாச் சரக்கா' என்று கேட்பார்கள். பாலக்காட்டில் 'தமிழ்நாட்டுச் சரக்கா' என்பார்கள். எல்லையோரத்து மகளிர் குழுக்களுக்காவது இந்த விதியை இரண்டு மொழியிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் புண்ணியம்.

கட்டுரையில் சேக்குட்டிப் பொம்மையைப் பற்றி இரண்டு வரி வந்திருந்தது. 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் சேலைகள் சேற்றில் நாசமான பிறகு அதைச் சுத்தம் செய்து சின்னச் சின்னப் பொம்மையாக்கி விற்றார்கள். நல்ல காரியம், எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பொம்மையை வாங்கியவர்கள் வெள்ளத்தின் ஞாபகத்தை வாங்கினார்கள். கால்மிதிக்கு அப்படிக் கதை கிடையாது, அது காலைத் துடைக்க வேண்டும். துடைக்கவில்லை என்றால் பரிதாபப்பட்டு ஒரு தடவை வாங்குவார்கள், இரண்டாம் தடவை வர மாட்டார்கள். மஞ்சப்பையிலும் கழிவுத் துணிக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 2019-லும் கேரளத்தில் 2020-லும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு துணிப்பைக்கு நல்ல கிராக்கி. விழாக்களில் கொடுக்கிற பையை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் புத்தம் புதுக் காடாத் துணி. நான் வெட்டிய லே முனைப் பட்டைகளை ஒட்டுப்போட்டால் அழகான பை வரும். கலர் ஒரே மாதிரி இருக்காது, பெயர் அச்சடிக்க வசதிப்படாது என்று ஆர்டர் கொடுப்பவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அந்தப் பெண் 500 கிலோ எடுக்கவில்லை. இருபது கிலோ எடு, ஒரு மாதம் பிரித்துப் பார், கை வலிக்கிற வலியில் விலை என்ன போடுவது என்று தானாகத் தெரியும் என்றேன். சரிங்கண்ணா என்று போயிருக்கிறாள்.

திருப்பூரில் இன்றைக்கு மேசையில் நிற்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மேசைக்கடியில் ஒரு சாக்குக்குப் பதில் மூன்று சாக்கு வையுங்கள்: காட்டன் ஒன்று, லைக்ரா ஒன்று, மற்றது ஒன்று. லே போடும்போதே எந்தத் துணி என்று உங்களுக்குத் தெரியும், கூடுதல் வேலை இல்லை. பிரித்து வந்த காட்டனுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் சேர்த்துத் தர நான் தயார். என் மாதிரி நாலு பேர் இருப்பார்கள். நான் மேசையில் இருந்த காலத்தில் இதைச் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் பழைய சேலை, வேட்டி எடுத்துக் கொடுக்கிறவர்களும் துவைத்துக் காய வைத்துக் கொடுங்கள். எங்கள் ஊரில் மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு கழிவு எடுக்கிற ஹரிதகர்மசேனை, துணி எடுக்க என்று தனி மாதம் குறித்து வைத்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து ஈரத்தோடு மூட்டை கட்டினால் நல்ல நூல்துணியும் பூஞ்சை பிடித்துப் போகிறது.

கடைசியாக, கட்டுரையோடு போட்ட படம். அதில் இருக்கும் கால்மிதி கழிவுத் துணியில் செய்தது இல்லை. பட்டை எல்லாம் ஒரே அகலம், சிவப்புக்குப் பக்கத்தில் எங்கும் அதே பச்சை, ஒரு இடத்தில்கூட ஒட்டு இல்லை. புது நூலில் மெஷின் போட்டது. எங்கள் கால்மிதியில் முழத்துக்கு ஒரு முடிச்சு தெரியும். நிருபர் நேரில் வந்தால் காட்டுகிறேன். புதன்கிழமை வந்தால் மூட்டை பிரிக்கிற நாள், திண்ணை முழுக்கப் பஞ்சு பறக்கும். வெள்ளை வேட்டியில் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஏற்கெனவே ஒரு வேட்டிக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கட்டிங் மாஸ்டர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.